உப்பு நிலாவின் முதல் பக்கம்

ஒதில் சவரிநாதன் அம்மாளுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் பிரெஞ்சு மொழியும் போயின. தமிழ் தங்கிவிட்டது.

அப்படி நடப்பதுண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் ஒன்று மட்டும் அழியும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சமையலறையில் பேசிய மொழி அவருக்கு மிஞ்சியது. இருபத்திரண்டு அறிவியல் புனைவு நாவல்கள் எழுதிய மொழி போய்விட்டது. பேசவும் வரவில்லை, கேட்டால் புரியவும் இல்லை. அலமாரியிலிருந்து தன் புத்தகத்தையே எடுத்து, சுவரில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பார்.

புதுச்சேரியில் கப்ஸ் கோயில் எனும் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டுக்கு நான் வேலைக்குப் போனது அதற்கு ஐந்து மாதம் கழித்து. இயற்பியல் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் வில்லியனூரில் வீட்டோடு இருந்தேன். நேர்காணல்களில் எனக்குக் குரல் எழும்பாது. இந்த வேலைக்கு நேர்காணல் இல்லை. விளம்பரத்தில் மூன்று நிபந்தனைகள் இருந்தன. அறிவியல் பட்டம் வேண்டும். தாய்மொழி தமிழாக இருக்க வேண்டும். பிரெஞ்சு தெரிந்திருக்கக் கூடாது.

மூன்றாவதைச் சலுகை என்றே எடுத்துக்கொண்டேன்.

கருவிக்குப் பாலம் என்று பெயர். கழுத்தில் கட்டும் மெல்லிய பட்டை ஒன்று, மேசையில் ஒரு திரை. திரை நடுவில் கோடு. வலப்பக்கம் அவர் பேசும் தமிழ் வரும், இடப்பக்கம் பிரெஞ்சு வரும். பொருத்த வந்த பொறியாளர் எனக்கு விளக்கினார்.

"மதாம் எழுதின எல்லாப் புஸ்தகமும், கடிதமும், அடிச்சுத் திருத்தின கைப்பிரதியும் இதுக்குள்ள இருக்கு. அவங்க தமிழ்ல சொல்லுவாங்க. ஒடம்பு நல்லா இருந்தா பிரெஞ்சுல எப்படி எழுதியிருப்பாங்களோ அப்படியே எழுதும்."

தப்பாக எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் கேட்ட ஒரே கேள்வி அது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குத்தான் திருப்பிப் படித்தல் என்றார். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பாலம் அதைத் தமிழில் திருப்பிப் படித்துக்காட்டும். மதாம் கேட்டுவிட்டுச் சரி என்பார். பச்சை விளக்கு எரியும். அதன் கீழே இருக்கும் கட்டத்தில் நான் விரலால் கையெழுத்து இட வேண்டும். பதிப்பகத்துக்கு அதுதான் சான்று.

கைப்பேசியை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். புத்தகம் வெளியே கசியக் கூடாதாம்.

முதல் நாள், விண்கலம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் பட்டையை இடக்கையால் சரிசெய்துகொண்டார்.

"மொதப் பக்கத்துல ஒரே ஒரு வரிதான் வரணும், பொண்ணு. இந்தக் கதைங்கள சொன்னவ மரக்காணம் தனபாக்கியம். நான் எழுத மட்டும்தான் செஞ்சேன்."

திரையின் இடப்பக்கம் ஒரு வரி வந்தது. பாலம் நோய்க்கு முந்தைய அவருடைய பழைய குரலில் திருப்பிப் படித்தது. கதைகளைச் சொன்னவள் மரக்காணம் தனபாக்கியம், நான் எழுத மட்டுமே செய்தேன். அவர் சரி என்றார். பச்சை எரிந்தது. நான் கையெழுத்திட்டேன்.

அதன்பின் நான்கு மாதம், காலை பத்திலிருந்து ஒன்று வரை, அந்தப் புத்தகத்துக்காக அவர் தன் வாழ்க்கையைச் சொன்னார்.

அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. ஒதில் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். தட்டச்சு கற்றுக்கொண்டு ஒரு பஞ்சாலையின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே நூற்புப் பகுதியில் தனபாக்கியம் இருந்தாள். மரக்காணத்து உப்பளத்துக் குடும்பம். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் பூவரச மரத்தடிக்கு வருவார்கள். ஒருத்தி அலுவலகத்து வாசல் வழியாக, ஒருத்தி பின்கட்டு வழியாக.

தனபாக்கியம் சாப்பிட்டுக்கொண்டே கதை சொல்வாள். ஒரு நாள் பகல் நிலாவைக் காட்டி, அது உப்பு என்றாளாம். யாரோ அள்ளிக் குமித்து வைத்திருக்கிறார்கள் என்றாளாம். ஒதில் சிரித்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை.

"அள்ளுறவங்க இருப்பாங்கல்ல? அவங்களுக்குக் குடிக்கத் தண்ணி எங்கேருந்து வரும்? அதச் சொல்லு."

தனபாக்கியத்தின் அப்பாவை எரித்தபோது உள்ளங்கால்கள் வேகவில்லையாம். உப்பு ஊறிய கால். அவற்றை மட்டும் தனியே புதைத்தார்களாம். அதையும் சோற்றுக்கு நடுவில்தான் சொன்னாள். ஒதில் மாலையில் வீட்டுக்குப் போய்த் தட்டச்சில் எழுதினார். நிலாவில் உப்பு அள்ளும் கூலிகள். தண்ணீர் பூமியிலிருந்து வர வேண்டும். வரும் தண்ணீரின் அளவை வைத்துத்தான் அவர்கள் எவ்வளவு பேசலாம் என்று முடிவாகும், ஏனென்றால் பேச்சில் ஈரம் போய்விடும். அவர்கள் செத்த பிறகு எரியாத உள்ளங்கால்களை வைத்து அங்கே சாலை போடுவார்கள்.

அந்த நாவலுக்கு உப்பு நிலா என்று பெயர். பாரிசில் சின்ன அளவில் மலிவுப் புத்தகங்கள் போடும் பதிப்பகம் ஒன்று அதை எடுத்துக்கொண்டது. அட்டையில் ஓ. சவரி என்று பெயர். ஐயா என்று விளித்துக் கடிதம் வந்தது. ஒதில் திருத்தவில்லை. பதினொரு வருடம் அவர் ஐயாவாகவே இருந்தார். ஒரு முறை பரிசு வாங்க அழைத்தார்கள். போனார். மேடையில் ஒருவர், உங்கள் கணவர் வரவில்லையா என்று கேட்டார்.

"ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டேன்" என்றார் மதாம். "எம் பரிச என் புருஷனுக்காக நானே வாங்கிக்கினு வந்தேன். சவரிநாதன் பேங்க்ல டோக்கன் குடுத்துக்கினு இருந்தாரு, பாவம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். வாயின் வலது ஓரம் மட்டும் சிரிக்கவில்லை.

பிரான்சில் அவரைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள். புதுச்சேரியில் மீன்காரம்மாவுக்கு அவர் டைப் அம்மா. முதல் மூன்று நாவல்களைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். பிறகு வந்த பத்தொன்பதைப் பற்றி மரியாதையாக எழுதினார்கள்.

"மொத மூணும் அவளுது" என்றார் மதாம். "ரெண்டு வருசச் சாப்பாட்டு நேரம்."

முதல் புத்தகத்தின் ஆறு பிரதிகள் பார்சலில் வந்தபோது ஒன்றைப் பூவரச மரத்தடிக்கு எடுத்துப் போனார். தனபாக்கியம் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். அவள் ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். என் பேரைப் போட்டாயா என்று கேட்டாள். போடுகிறேன் என்று ஒதில் சொல்லியிருந்தார். போடவில்லை. யார் இவள் என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம். மில்லுக்காரி சொன்ன கதையா என்று கேட்பார்கள். ஐயா என்று எழுதியவர்கள் அடுத்த கடிதத்தில் என்ன எழுதுவார்கள்? முதல் பக்கத்தில் அம்மாவுக்கு என்று மட்டும் பிரெஞ்சில் அச்சாகியிருந்தது. இரண்டே சொல், சின்னச் சொல்.

ஒதில் அந்த இரண்டு சொல்லின் மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக நகர்த்தி, தமிழில் படித்துக் காட்டினார். இந்தக் கதைகளைச் சொன்ன மரக்காணம் தனபாக்கியத்துக்கு.

இதைச் சொன்ன நாளில் மதாம் கழுத்துப் பட்டையை இடக்கையால் தளர்த்திவிட்டுக்கொண்டார். திரையில் புள்ளி மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"விரலையே பாத்துக்கினு இருந்தா. எம் பேரு இத்துனூண்டுதானான்னு கேட்டா. பிரெஞ்சுல அப்படித்தான்னு சொன்னேன். டிபன் டப்பாவ மூடிக்கினு எழுந்து போய்ட்டா. அதுக்கப்புறம் மரத்தடிக்கு வரவேயில்ல."

பக்கம் முடிந்தது. பாலம் திருப்பிப் படித்தது. டப்பாவை மூடியது வரை ஒரு வார்த்தை தவறவில்லை. மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சரி என்றார். நான் கையெழுத்திட்டேன்.

ஒரு வார்த்தை தவறவில்லை என்பதை நான் அன்றே கவனித்திருக்க வேண்டும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு எதை ஊற்றினாலும் கொஞ்சம் சிந்தும். முதலாண்டு ஆய்வகத்தில் கற்றுக்கொண்டது அது. சிந்தாத அளவீட்டைக் கண்டால் மகிழாதீர்கள், கருவியைச் சந்தேகியுங்கள் என்று எங்கள் பேராசிரியை சொல்வார். நான் மகிழ்ந்தேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இணைப்பு அறுந்தது. திரையின் இடப்பக்கம் வெறுமையாகிவிட்டது. வெளியே எங்கோ இருக்கும் கணினிதான் பிரெஞ்சை எழுதுகிறது, அது வரவில்லை. தமிழ்ப் பக்கம் வந்துகொண்டிருந்தது. மதாமுக்குத் தெரியாது, அவர் திரையைப் பார்ப்பதில்லை. நான் சொல்வதற்குள் பக்கம் முடிந்துவிட்டது. பாலம் திருப்பிப் படிக்க ஆரம்பித்தது.

வழக்கம்போல, முழுதாக, அவருடைய பழைய குரலில்.

எதிலிருந்து படிக்கிறது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. இடப்பக்கம் ஒரு எழுத்துகூட இல்லை. அவர் சொன்ன தமிழைத்தான் சேமித்து வைத்துக்கொண்டு அவருக்கே திருப்பிச் சொல்கிறது. நான்கு மாதமாக.

மதாம் சரி என்றார். பச்சை எரிந்தது.

அன்று அவர் சாப்பிடப் போன பிறகு பழைய பக்கங்களைத் திறந்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருப்பவைதான். ஒரு பெயர் எந்த மொழியில் எழுதினாலும் பெயர்தானே. தனபாக்கியத்தின் பெயரைத் தேடினேன். மரக்காணத்தைத் தேடினேன். நூற்று நாற்பத்தொரு பக்கம். ஒரு இடத்திலும் இல்லை. எந்த நாளிலும் தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பியிருந்தால் தெரிந்திருக்கும். நான் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிபன் டப்பா வந்த பக்கத்தை எழுத்து எழுத்தாகத் தாளில் நகல் எடுத்து, வில்லியனூர் பேருந்தில் உட்கார்ந்து கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் அடித்துப் பார்த்தேன். அதன்படி, உப்பு நிலாவில் ஒரு கண்ணாடிக் கூரையின் கீழ் இரண்டு பெண்கள் பிரிகிறார்கள். ஒருத்தி பூமிக்குத் திரும்புகிறாள். மற்றவள் தன் பங்குத் தண்ணீரைச் செலவழித்து அவளை வாழ்த்துகிறாள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அழகாகத்தான் இருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மறுநாள் காலை மதாமின் மகன் எத்தியேனை அழைத்தேன். பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருக்கிறார். பாலத்துக்கான ஒப்பந்தத்தில் அம்மாவின் சார்பில் கையெழுத்திட்டவர் அவர்தான். எழுதி வைத்துக்கொண்டு பேசினேன், இல்லாவிட்டால் குரல் நின்றுவிடும்.

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். அம்மா இதுவரை எழுதிய எல்லாவற்றையும் வைத்துத்தான் பாலம் அவரை அறியும். அவர் எழுதக்கூடியது என்று அது நம்புவதை எழுதும். அதோடு ஒத்துப்போகாத எதையும் நோயால் வந்த குழப்பம் என்று எடுத்துக்கொண்டு திருத்திவிடும். நோயாளிக்கு உதவத்தானே அது. சொம்பு என்பதற்குப் பதில் விளக்கு என்று வாய் தவறிச் சொன்னால் திருத்த வேண்டாமா?

"இருபத்திரெண்டு புக்குல அம்மா எங்கயாவது அந்தப் பேர எழுதியிருக்காங்களா? ஒரு கடிதத்துலயாவது? இல்ல. அப்ப மெஷினுக்கு எப்படிங்க தெரியும், இது நெசம்னு?"

அந்தத் திருத்தத்தைக் குறைக்க முடியாதா என்று கேட்டேன்.

"முடியும். மொத வாரமே கம்பெனில கேட்டாங்க. நான்தான் வேணாம்னேன்."

அவர் முதலிலேயே படித்திருக்கிறார். தமிழ்ப் பக்கமும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்றார். சாகும் நேரத்தில் அவரே அதில் சாணி அடித்துக்கொள்ள விடுவேனா என்றார். திருப்பிப் படித்தல் பற்றிக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். அம்மா பதற்றப்படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தாராம்.

"இன்னொண்ணு, சாருமதி. ஒவ்வொரு பக்கத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு. சரிபாத்தேன்னு."

பிறகு ஒரே ஒரு காரியம் செய்தேன். பதிப்பகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நேரடியாக ஆசிரியரையே கேட்கிறோம் என்று பதில் போட்டார்கள். கேட்டார்கள். அவர்கள் கடிதம் பாலத்தின் வழியாகத் தமிழில் வந்தது. புத்தகம் உங்களுக்கு நிறைவாக இருக்கிறதா? மதாம் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். தனபாக்கியம் பேர் முதல் பக்கத்தில் இருந்தால் நிறைவு, இல்லாவிட்டால் அச்சிட வேண்டாம்.

பாலம் அதைப் பிரெஞ்சில் அனுப்பியது. மூன்று நாள் கழித்துப் பதிப்பகம் எனக்கு நன்றி சொல்லி எழுதியது. ஆசிரியரின் பதிலை ஆங்கிலத்தில் எடுத்துக் காட்டியிருந்தது. ஒவ்வொரு பக்கமும் என் மனம் போலவே வந்திருக்கிறது. காற்புள்ளி ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம்.

நான் மதாமிடம் சொல்லவில்லை. பட்டையைக் கழற்றிவிட்டு, காதருகே குனிந்து, நாலு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் அவருக்குப் புரிந்திருக்கும். அவரிடம் போவதற்கு எனக்கு எந்தப் பாலமும் வேண்டியதில்லை. தினமும் பேருந்தில் அந்த நாலு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். வீட்டு வாசலில் கைப்பேசியைக் கூடையில் போடும்போது அதையும் போட்டுவிடுவேன். மார்கழியில் அவருக்கு இன்னொரு முறை லேசாக வந்தது. இடது காலும் இழுத்துக்கொண்டது. இனிச் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

மாசியில் பார்சல் வந்தது. ஆறு பிரதிகள்.

மதாம் சன்னலருகே நாற்காலியில் இருந்தார். கழுத்தில் பட்டை இருந்தது. வாசகர்களுக்குக் கடிதம் சொல்வதற்காக அதைக் கட்டியே வைத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். புத்தகத்தை மடியில் வைத்தேன். அட்டையில் வெள்ளை நிலா. இடக்கையால் தடவிப் பார்த்தார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மொதப் பக்கம் எடு. அவ பேரு இருக்குதா?"

எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. பார்சல் வந்ததுமே வாசலில் நின்று கைப்பேசியில் பார்த்திருந்தேன். என் மகனுக்கு. அவ்வளவுதான். மூன்று சொல், கட்டை விரலுக்குள் அடங்கிவிடும்.

ஒரு தாளைத் திருப்பினேன். அதற்கடுத்த பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரியோ உரிமைக் குறிப்போ ஏதோ ஒன்று, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடியது. அதன் தொடக்கத்தில் விரலை வைத்தேன். மெதுவாக நகர்த்தினேன்.

"இருக்கு மதாம். இந்தக் கதைகளைச் சொன்னவள் மரக்காணம் தனபாக்கியம். நான் எழுத மட்டுமே செய்தேன்."

என் குரல் நடுங்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக.

அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தார். அது வரியின் கடைசிக்குப் போய் நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பரவால்ல, சாரு" என்றார். "நீளமான வரியாப் பாத்து வச்சிருக்க."

பிறகு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பட்டையைக் கழற்றப் போனேன். கழுத்தில் அது பட்டிருந்த இடம் சிவந்திருந்தது.

மேசைத் திரை எரிந்துகொண்டிருந்தது. வலப்பக்கம் அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களும் அப்படியே இருந்தன. இடப்பக்கம் பாலம் அவற்றைப் பிரெஞ்சில் எழுதி முடித்திருந்தது. வாசலுக்குப் போய்க் கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்துவந்து, அவர் முன்னாலேயே, எழுத்து எழுத்தாக அடித்துப் பார்த்தேன்.

நன்றி, மகளே. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது.

யாரும் சரி என்று சொல்லாமலே கீழே பச்சை எரிந்தது. என் கையெழுத்துக்கான கட்டம் திறந்திருந்தது.